இரத்தப் புற்றுநோயினின்று மீண்ட இளஞ்சிறார்

குழந்தைகளைத் தாக்கும் நோய்களுள் மிகக் கொடியனவற்றுள் ஒன்று தீவிர இரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் வெள்ளை அணுக்கள் முதிர்ச்சி பெறாமலேயே அளவின்றிப் பெருகி, நல்ல அணுக்கள் உண்டாவதற்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. குழந்தை வெளிறிப் போகிறது, காய்ச்சல் காண்கிறது, ஈறுகளில் இரத்தம் கசிகிறது. 1947-ம் ஆண்டுவரை, இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிர் நீத்தனர். இன்றோ, சிகிச்சை வசதி மிகுந்த நாடுகளில், இந்நோயின் லிம்ஃபோபிளாஸ்டிக் வகைக்கு ஆளாகும் குழந்தைகளுள் 100-க்கு ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர். இம்மாற்றத்தில் இந்தியர் ஒருவருக்கும் சிறந்த பங்கு உண்டு.

சுப்பாராவின் பணி

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர். லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில் அவருடைய தலைமையில் பணியாற்றிய குழுவினர் 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் தயாரித்தனர். உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதற்கு இவ்வைட்டமின் இன்றியமையாதது.

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். ஃபோலிக் அமிலத்தை ஒத்த பொருள்களை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, புற்று அணுக்கள் மேலும் விரைந்து பெருகுவதாக அவருக்குத் தோன்றியது. அவ்வாறாயின், அவ்வமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர் தயாரித்த அமினோப்டெரின் அத்தகைய பொருளே. பூட்டினுள் நுழைந்தும் அதைத் திறவாத போலிச் சாவியைப் போல, அது உண்மையான வைட்டமின் வேலை செய்யாதபடி தடுத்துவிடுகிறது.

முதல் வெற்றி

1947-ம் ஆண்டின் இறுதியில் இம்மருந்து கொடுக்கும் பணி தொடங்கிற்று. சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கிற்று. படுக்கையிற் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர். 1948 ஜூனில் இம்முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

ஆயினும், அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பிற்று. கண்ணுக்குப் புலப்படாமல் எஞ்சிய அணுக்களே அதற்குக் காரணம்.

ஜிம்மி என்னும் சிறுவன்

ஃபார்பரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனைத் தாக்கியது குடலில் தோன்றிய நிணநீர்ப் புற்றுநோய். 1948 மே 22-ல், உண்மைப் பெயர் மறைக்கப்பட்டு, ஜிம்மி என்ற பெயருடன் அவன் வானொலியில் பேசினான். பேஸ்பால் ஆட்டங்களைக் காணத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்பதே அவனுடைய ஆசை. 20,000 டாலர் திரட்ட எண்ணிய நிதிக்கு, அவ்வாண்டில் 2,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. சிறுவனுக்குப் பெட்டி கிடைத்தது. அவன் இறந்திருப்பான் என்றே பலரும் கருதியிருக்க, 1998-ல் உண்மை வெளிப்பட்டது. ஐனார் கஸ்டாஃப்சன் என்னும் அவர் லாரி ஓட்டுநராக நல்வாழ்வு வாழ்ந்திருந்தார். 2001-ல், தமது 65-ம் வயதில் மறைந்தார்.

முழுச் சிகிச்சையின் அவசியம்

1962-ல் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில், டொனால்டு பிங்கெல் என்னும் மருத்துவர் பல மருந்துகளைச் சேர்த்து, ஈராண்டுக்கும் மேலாக இடைவிடாது கொடுத்தார். மூளையில் ஒளிந்திருக்கும் அணுக்களை அழிக்கவும் வழி செய்தார். 1970-களின் தொடக்கத்தில், லிம்ஃபோபிளாஸ்டிக் வகை கண்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரைக் குணப்படுத்த இயலும் என்பது தெளிவாயிற்று. அமினோப்டெரினின் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் இச்சிகிச்சையில் இடம்பெறுகிறது.

இவ்வரலாறு பெற்றோர்க்கு ஒன்றை உணர்த்துகிறது. முதல் மாதத்திலேயே குழந்தையின் முகம் தெளிந்து, பசி திரும்பக்கூடும். நோய் நீங்கிவிட்டதென்று கருதிச் சிகிச்சையை நடுவில் நிறுத்துவோர் நம் நாட்டிலும் உளர். செலவும் தொலைதூரப் பயணமும் அதற்குக் காரணமாகலாம். ஆனால் எஞ்சிய அணுக்கள் மீண்டும் பெருகும் என்பதை 1948-ம் ஆண்டுக் குழந்தைகளே காட்டிச் சென்றனர். அன்று அவர்களுக்குக் கிட்டாத முழுச் சிகிச்சை இன்று உள்ளது. அதை இறுதிவரை பெறச் செய்வதே குழந்தையைக் காக்கும் வழி.