விலையில்லா விளையாட்டுகள்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

‘விளையாட்டு வினையாகும்’ என்று நம் பெரியோர் கூறுவர். அவர்கள் காலத்தில் கால் சுளுக்கிக் கொள்வதும், கேலி சண்டையாக முடிவதுமே அப்பழமொழிக்குப் பொருளாக இருந்திருக்கும். இன்றோ அப்பழமொழி கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. வீடியோ விளையாட்டு என்றாலே நம் பெற்றோர்கள் முகம் சுளிக்கின்றனர். நாமோ கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கி ஆடுகிறோம். எல்லாம் தீது என்று அவர்களும், எல்லாம் இனிது என்று நாமும் வாதாடுவது நெல்லையும் பதரையும் ஒரே படியால் அளப்பது போன்றதாகும். எது நெல், எது பதர் என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலவசம் என்னும் தூண்டில்

மீனுக்குப் புழு இலவசம்தான். தூண்டில் முள் அதற்குப் பின்னால் இருக்கிறது. கைப்பேசியில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் விளையாட்டுகள் பலவும் இத்தகையவையே. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்று பாருங்கள்.

முதல் பத்து நிலைகள் மிக எளிதாக இருக்கும். நாமே பெரிய கெட்டிக்காரர் என்ற எண்ணம் வரும். பிறகு திடீரெனக் கடினமாகும். நமக்குத் தந்திருக்கும் ஐந்து ‘உயிர்கள்’ தீர்ந்துவிடும். மீண்டும் ஆட வேண்டுமானால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். நாள்தோறும் வந்து தலைகாட்டினால் பரிசு உண்டு. ஒரு நாள் தவறினால் சேர்த்தது போய்விடும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ‘அதிசயப் பெட்டி’களும் விற்கப்படும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் உதவாத பொருளே கிடைக்கும். இது விளையாட்டுத் திறமையன்று, வெறும் அதிர்ஷ்டச் சீட்டு. ஆடுவது இலவசம்; நிறுத்தாமல் ஆடுவதற்குத்தான் விலை.

எங்கள் தெருவில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இவ்வாறு வைரக்கற்கள் வாங்கியதில், அவன் தந்தையின் கணக்கிலிருந்து ஒரு மாதப் பால் கணக்குக்குரிய பணம் போய்விட்டது. அவனை அடித்துப் பயனென்ன? பொத்தானை அழுத்தினால் பணம் போகும் என்பதே அவனுக்குத் தெரியாது. அது தெரியாதபடிதான் அந்தப் பொத்தான் பளபளவென்று வரையப்பட்டிருந்தது.

பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற இணைய ஆட்டங்களின் கொடுமையைச் சொல்லவே வேண்டியதில்லை. கடன்பட்டு உயிரை மாய்த்துக் கொண்டோர் செய்தியை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். அதனால்தான் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, பின்னர் இணையச் சூதாட்டத்திற்கு எதிராகச் சட்டமும் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

பல்லாங்குழிக்கு உரிமையாளர் யார்?

திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடும் வழக்கம் உண்டு. பாட்டிமார்கள் தாயக்கட்டையை உருட்டும் ஓசை விடியும் வரை கேட்கும். பல்லாங்குழியைப் பாருங்கள். பதினான்கு குழிகள், கைப்பிடி புளியங்கொட்டை. பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டினால் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு கொண்ட ஆடுபுலி ஆட்டத்திற்குத் தரையில் கரிக்கோடு போதும். இவற்றிற்கு உரிமையாளர் யார்? ஒருவருமில்லை. அல்லது நாம் எல்லாருமே. யாரும் ஆடலாம்; பிறர்க்குக் கற்றுக் கொடுக்கலாம்; விதியை மாற்றலாம். எங்கள் வீட்டுப் பல்லாங்குழி விதி வேறு, எதிர் வீட்டு விதி வேறு. யாரும் வழக்குப் போடுவதில்லை.

கணினி உலகிலும் இதே குணமுடைய விளையாட்டுகள் உள்ளன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இவற்றைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்பர். 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் தொடங்கி வைத்த இயக்கம் இது. ஒரு மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைத் திறந்து படிக்கலாம், படியெடுத்துப் பிறர்க்குத் தரலாம், திருத்தி வெளியிடலாம் என்னும் நான்கு உரிமைகளே அதன் அடிப்படை. ஆங்கிலத்தில் இலவசத்திற்கும் சுதந்திரத்திற்கும் ஒரே சொல் இருப்பதால் பெருங்குழப்பம் நேர்கிறது. தமிழில் நல்ல வேளையாக இரண்டு சொற்கள் உள்ளன. இலவசமானவை எல்லாம் கட்டற்றவை ஆகா.

கட்டற்ற விளையாட்டில் தூண்டில் முள்ளை மறைத்து வைப்பது கடினம். உள்ளமைப்பு திறந்து கிடப்பதால், ஒருவர் முள்ளை வைத்தால் மற்றொருவர் அதை எடுத்துவிட்டு வெளியிடுவார்.

இன்னொரு நன்மையும் உண்டு. இவற்றுள் பல பழைய கணினியிலும் ஓடும். 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ சித்தியோ பெற்ற மடிக்கணினி நம்மில் பலர் வீட்டுப் பரணில் தூங்குகிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளம் அவற்றுள் பலவற்றில் இருந்தது. தூசி தட்டி எடுத்தால், கீழே சொல்லப்போகும் விளையாட்டுகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கக்கூடும்.

ஆடத்தக்கவை சில

தம்பி தங்கையர்க்கு முதலிடம் கொடுப்போம். 2000-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் புரூனோ கூதுவான் என்பவர் தொடங்கிய ‘ஜிகாம்ப்ரி’ என்பது ஒரு விளையாட்டன்று. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுகளின் தொகுப்பு. எழுத்து, எண், கடிகாரம் பார்த்தல், நீர்ச்சுழற்சி, படப்புதிர் என எல்லாம் உண்டு. அதன் பெயரைப் பிரெஞ்சு மொழியில் ஒலித்தால் ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்று பொருள்படும். மற்றொன்று ‘டக்ஸ்மேத்’. வானிலிருந்து எரிகற்கள் விழும். ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு எழுதியிருக்கும். விடையைத் தட்டினால் கல் பொடியாகும். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் ஒளிந்து கொள்ளும் என் தம்பி, இதில் எட்டாம் வாய்ப்பாடு வரை தானாகவே வந்துவிட்டான்.

நமக்கு ஏற்றவற்றுள் மிக எளியது ‘2048’. 2014-ஆம் ஆண்டில் கேப்ரியேல் சிருல்லி என்னும் பத்தொன்பது வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதி, யாவர்க்கும் பொதுவாக வெளியிட்டது. நான்குக்கு நான்கு கட்டத்தில் ஒரே எண்கள் மோதினால் கூடி ஒன்றாகும். 2-ம் 2-ம் 4. 4-ம் 4-ம் 8. இவ்வாறு 2048 வர வேண்டும். கணக்குப் பாடத்தில் நாம் படிக்கும் அடுக்குக் குறிதான் இது: 2048 என்பது 2-இன் பதினொன்றாம் அடுக்கு. புதிதாக வருபவை எல்லாம் 2 என்றே கொண்டால், 1024 எண்கள் வந்து சேர்ந்தால்தான் 2048 கிட்டும். இடையிடையே 4-ம் வருவதால் சற்றுக் குறையலாம். பெரிய எண்ணை ஒரு மூலையிலேயே நிறுத்தி வைப்பதுதான் சூட்சுமம்.

சதுரங்கப் பிரியர்களுக்கு ‘லிசெஸ்’ இருக்கிறது. திபோ டுப்ளெஸி என்னும் பிரெஞ்சுக்காரர் 2010-இல் தொடங்கிய இத்தளம் இன்று இலாப நோக்கமற்ற அமைப்பாக, நன்கொடையால் மட்டுமே நடக்கிறது. விளம்பரம் இல்லை. பணம் கொடுத்தவர்க்கு ஒரு வசதி, கொடாதவர்க்கு ஒரு வசதி என்னும் பாகுபாடும் இல்லை. சிறுவர்க்கான அமைப்பை இயக்கிவிட்டால் முன்பின் தெரியாதவர் நம்மோடு உரையாட முடியாது. பெற்றோர்கள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டுகிறேன். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாடு நடந்தது. சென்னையைச் சேர்ந்த வைஷாலி கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற மூன்றாவது இந்தியப் பெண்மணி ஆனார். அவர் வழியில் திருச்சியிலிருந்தும் ஏன் செல்லக் கூடாது?

திருச்சிக்காரர்களுக்கென்றே செய்தது போன்ற விளையாட்டு ‘ஓப்பன் டி.டி.டி.’. இதில் நாம் வங்கிக் கடனோடு ஒரு போக்குவரத்து நிறுவனம் தொடங்குகிறோம். ஊர்களுக்கிடையே தண்டவாளம் போட்டு ரயில் விட வேண்டும். சரக்கு தாமதமாகச் சேர்ந்தால் கூலி குறையும். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். சென்னை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் என ஐந்து திசை வழிகள் கூடும் சந்திப்பு நம் ஊர். பொன்மலைப் பணிமனையில் தந்தை வேலை பார்க்கும் தோழியர் நம் வகுப்பிலேயே உள்ளனர். காவிரிப் பாலத்தருகே ரயில் ஏன் காரணமின்றி நிற்கிறது என்று நாம் சலித்துக் கொள்வதுண்டு. காரணத்தை இவ்விளையாட்டு கற்றுத் தருகிறது. இரண்டு சிக்னல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். சிக்னலே வைக்காவிட்டால் பாதை முழுவதும் ஒரே ரயிலுக்குத்தான் சொந்தம். சிக்னலைத் தவறான இடத்தில் வைத்தால் எல்லா ரயில்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும்.

‘வெஸ்நாத்’ என்பது 2003-இல் டேவிட் ஒயிட் தொடங்கிய போர்க்கதை விளையாட்டு. போர் என்றதும் அஞ்ச வேண்டாம். ஆடுபுலி போலக் காய் நகர்த்தும் ஆட்டமே இது. சிலருக்குப் பகலில் வலிமை மிகும், சிலருக்கு இரவில். மலையில் நிற்பவரை வீழ்த்துவது கடினம், நீரில் நிற்பவரை வீழ்த்துவது எளிது. காலமும் இடமும் அறிந்து செயலாற்றக் கற்பிக்கிறது. வரலாற்றில் ஆர்வமுள்ளோர் ‘ஜீரோ ஏ.டி.’ ஆடலாம். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, இடையில் சுழிய ஆண்டு கிடையாது. இல்லாத ஆண்டையே அவர்கள் பெயராக வைத்துள்ளனர்! ரோமர், கிரேக்கரோடு நம் மௌரியரும் இதில் உண்டு. ஆனால் இதற்குச் சற்று வலிமையான கணினி தேவை.

தமிழ் மணக்கும் ஒன்று

இலவசம் அல்லாத ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய நிறுவனத்தின் துணையின்றிச் சிறு குழுவினர் தாமே உருவாக்குவதைச் சுயேச்சை விளையாட்டு என்பர். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் குழு 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ அத்தகையது. 1988-இல் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தமிழ்த் தம்பதியரின் கதை இது. வெண்பாவின் தாயார் எழுதித் தந்த சமையல் குறிப்பேடு பழுதாகி, எழுத்துகள் அழிந்திருக்கின்றன. விடுபட்ட முறையை நாம் கண்டுபிடித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். மகன் கவின் தமிழை விட்டு விலகிச் செல்வதைத் தாய் பார்த்திருக்கும் இடங்கள் நெஞ்சைத் தொடும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இவ்விளையாட்டு, 2024-இல் சுயேச்சை விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதையும் வென்றது. நம் வீட்டு அடுப்பங்கரையும் உலகம் போற்றும் விளையாட்டாகும் என்பதை இது காட்டிவிட்டது.

தேர்ந்தெடுப்பது எப்படி?

எந்த விளையாட்டையும் இறக்குமுன் நான்கு கேள்விகள் கேட்போம். முதலாவது, இதைச் செய்தவர்க்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விடை தெரியவில்லையெனில் நம்மிடமிருந்துதான் வரும். இரண்டாவது, இது கேட்கும் அனுமதி தேவையானதா? சதுரங்கம் ஆட நம் தொடர்பு எண்களும் ஒலிவாங்கியும் எதற்கு? மூன்றாவது, நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா? நான்காவது, நிறுத்திய பின் ஏதேனும் மனத்தில் தங்குகிறதா? இறக்குவதையும் அந்தந்த விளையாட்டின் சொந்தத் தளத்திலிருந்தே செய்ய வேண்டும். கைப்பேசியில் கட்டற்ற செயலிகளுக்கென்றே ‘எஃப்-டிராய்டு’ என்னும் களஞ்சியம் உள்ளது.

நல்ல விளையாட்டாயினும் அளவு வேண்டும். அமிர்தமும் நஞ்சாகும் அன்றோ? பொதுத் தேர்வு எழுதப்போகும் நமக்கு இது சொல்லாமலே விளங்கும். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘அதை வை’ என்று சொல்லுமுன், பக்கத்தில் அமர்ந்து ஒரு முறை ஆடிப் பாருங்கள். எது தூண்டில், எது பல்லாங்குழி என்பது பத்தே நிமிடத்தில் உங்களுக்கும் விளங்கிவிடும்.

முடிவுரை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ என்னும் இலவசக் கருவியால், கட்டைகளை அடுக்குவது போல அடுக்கி யாரும் விளையாட்டு உருவாக்கலாம். பதினான்கு குழியும் புளியங்கொட்டையும் திரையில் வர அதிக நாள் ஆகாது. பிறர் செய்ததை ஆடுவதோடு நின்றுவிடாமல், தோழியரே, நம் பாட்டிமார்களின் விதிகளைக் கேட்டு எழுதி, நாமும் ஒன்று செய்வோம். அதையும் விலையின்றி, கட்டின்றி, யாவர்க்கும் கொடுப்போம்.