எழுபத்திரண்டு மணி நேரச் சான்று: ஓர் அமானிதம்

 

கொரோனாக் காலத்தில், ‘தொற்று இல்லை’ என்று எழுதிய ஒரு தாள் நம் பயணங்களுக்குத் திறவுகோலாக இருந்தது. தருமபுரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூரு செல்வோர் பலர். அந்நகருக்கு வரும் வெளிமாநிலத்தார் 2021 ஏப்ரல் 1 முதல் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும் எனக் கர்நாடக அரசு அறிவித்தது. கேரளத்திலிருந்து தமிழகம் வருவோருக்கு 2021 ஆகஸ்ட் 5 முதல் 72 மணி நேரத்திற்குள் எடுத்த சான்றோ, இரு தவணைத் தடுப்பூசிச் சான்றோ கட்டாயமாயிற்று. 2022 ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பத்து லட்சம் பேரை அனுமதித்த சவூதி அரசு, வெளிநாட்டு ஹாஜிகளிடம் தடுப்பூசியுடன், புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்திற்குள் எடுத்த சான்றையும் கேட்டது. அவ்வாண்டு தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து விமானம் ஏறினர்.

இவ்விதிகள் இன்று நடைமுறையில் இல்லை. ஆயினும் அவற்றின் காரணத்தை அறிந்து வைத்திருப்பது அவசியம். நோய்க்கிருமி உடலில் புகுந்தவுடன் பரிசோதனையில் தென்படுவதில்லை. அது பெருகச் சில நாட்கள் ஆகும். எனவே அச்சான்று, மாதிரி எடுத்த நேரத்து நிலைக்கு மட்டுமே சாட்சி. மறுநாள் தொற்று ஏற்படாது என்பதற்கு அது உத்தரவாதமன்று. நாட்கள் செல்லச் செல்ல அச்சாட்சியம் வலுவிழக்கும். துல்லியம் குறைந்த விரைவுப் பரிசோதனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் 48 மணி நேரமே தவணை அளித்ததும் இதனால்தான்.

மார்க்கச் சட்டம் அறிந்தோருக்குத் தவணையுள்ள அனுமதி புதிதன்று. உளூவுடன் தோலுறை அணிந்த பயணி மூன்று பகல், மூன்று இரவு அதன் மீது மஸஹு செய்யலாம். அதுவும் 72 மணி நேரமே! அணிந்த பின் உளூ முறிந்த நேரத்திலிருந்து அத்தவணை தொடங்குகிறது என்பது ஹனஃபி, ஷாஃபி இமாம்களின் சட்டம். இடையில் குளிப்பு கடமையானால், தவணை எஞ்சியிருந்தாலும் சலுகை முடிந்துவிடும்.

சான்றும் அவ்வாறே. முடிவு கைக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் தவணை தவறாக நீளும்; மாதிரி எடுத்த நேரமே கணக்கு. இடையில் காய்ச்சலோ இருமலோ கண்டால், கையில் தாள் இருந்தாலும் மனச்சாட்சிப்படி அனுமதி முடிந்தது. வாசலில் நிற்கும் காவலர் தாளை மட்டுமே பார்ப்பார். உடல்நிலையை அறிந்தவர் நாமும் நம் இறைவனும்தான்.

அந்நாட்களில் போலிச் சான்று விற்றவர்கள் கைதான செய்திகளும் வந்தன. அதை வாங்கியவர் அரசை மட்டும் ஏமாற்றவில்லை; பேருந்தில் அருகில் அமர்ந்த முதியவரையும், தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றவரையும் ஏமாற்றினார். பொய்ச் சாட்சி பெரும்பாவங்களில் ஒன்றென நாம் அறிவோம்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும், அங்கிருந்து தப்பியோடவும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டு செல்லலாகாது என்றும் அறிவுறுத்தினார்கள். கால்நடைக்கே இவ்வளவு பேணுதல் எனில், மனித உயிருக்கு எவ்வளவு வேண்டும்!

நாளை வேறொரு நோய் வரலாம். வேறொரு சான்று கேட்கப்படலாம். அப்போதும் அதனை அமானிதமாகக் கருதி, உண்மையுடன் நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.