மூச்சை எண்ணிப் பார்ப்போம்

"சளிதானே, நாளைக்கு நடவு முடியட்டும், பார்த்துக்கலாம்"னு நாம் சொல்வதுண்டு. சளி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். நிமோனியா அப்படியில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் இருந்தால் போதும்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுவோம். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்கு தப்பும். 2 மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போகணும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படித்தான்.

பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடணும். போன தடவை மிச்சமான மருந்தை ஊற்ற வேண்டாம். டாக்டர் கொடுத்ததை, இருமல் குறைந்துவிட்டாலும், சொன்ன நாள் வரைக்கும் கொடுக்கணும். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது, யார் சொன்னாலும் சரி.