நஞ்சுக்கொடிக்குள் ஒரு கத்தரிக்கோல்!

"நஞ்சு விழுந்துடுச்சா?" குழந்தை ஆணா, பெண்ணா என்று கேட்ட கையோடு பாட்டிமார்கள் கேட்கிற அடுத்த கேள்வி இது. பிரசவம் முடிந்ததும் அதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் கர்ப்பப்பையில் அது எப்படி வேர் பிடித்தது, தெரியுமா?

சுண்டெலி சொல்லித் தருகிறது. அதற்குக் கர்ப்பகாலம் 19, 20 நாள்தான். நம்மைப் போலவே அதற்கும் தாயின் ரத்தம் நஞ்சின் செல்களைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. அந்த நஞ்சை மெல்லிய சீவல்களாக நறுக்கி, எந்த செல்லில் எந்த ஜீன் விழித்து வேலை செய்கிறது என்று விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள்.

நான்கரை நாளில் எலியின் கரு கர்ப்பப்பையில் ஒட்டுகிறது. பிறகு அதன் வெளிச்சுற்றுச் செல்களில் 'எம்.எம்.பி-9' என்ற ஜீன் விழிக்கிறது. அது தருவது புரோட்டீனை வெட்டுகிற ஒரு என்ஸைம். செல்களைச் சுற்றியுள்ள புரோட்டீன் வலையை வெட்டி வெட்டி, கரு உள்ளே இறங்குகிறது. விட்டால் எங்கே போய் நிற்குமோ! பக்கத்திலேயே தாயின் செல்கள் 'டிம்ப்-3' என்கிற புரோட்டீனைச் சுரந்து அந்த வெட்டை அடக்குகின்றன. கருவிடம் கத்தரிக்கோல், தாயிடம் அதற்கு உறை.

'கோரின்' என்று இன்னொரு என்ஸைம். இது வலையை வெட்டாது; தூங்குகிற ஒரு ஹார்மோனை வெட்டி எழுப்பிவிடும். கோரின் இல்லாத எலிகளுக்குக் கர்ப்பத்தில் பிரஷர் மேலும் ஏறியது, சிறுநீரில் புரோட்டீன் போனது என்று 2012-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. காரணம், நஞ்சின் செல்கள் சரியாக உள்ளே இறங்கவில்லை. தாயின் ரத்தக்குழாய்களும் வேண்டிய அளவு விரியவில்லை.

எலிக்கு நடப்பதெல்லாம் நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நம்முடைய நஞ்சு இன்னும் ஆழமாக இறங்குவது. ஆனாலும் அது மேலோட்டமாக நின்றுவிட்டால் நம் பெண்களுக்கு வருவதும் இதே மாதிரி பிரஷர்தான். 'பிரி-எக்லாம்ப்ஸியா' என்பார்கள். முற்றினால் ஜன்னி. (அளவுக்கு மீறி இறங்கினாலும் ஆபத்து. பழைய சிசேரியன் தழும்பில் நஞ்சு ஒட்டிக்கொண்டால் பிரசவத்தில் பிரிந்து வராது. சிசேரியன் ஆனதை ஸ்கேன் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.)

முழுகாமல் இருக்கும் பெண்ணுக்குக் கால் வீங்கினால் நீர்முள்ளிக் கஷாயம் எங்கள் வைத்தியத்தில் உண்டு. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: பிரஷரும் சிறுநீரும் பார்க்காமல் கஷாயம் வேண்டாம்! ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போன பிரசவத்தில் இது வந்ததா? அடுத்த முறை மூன்றாம் மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பிக்கலாமா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.