தாயின் மறுபிறப்பு

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சொல்லுவதுண்டு. அது வெறும் வார்த்தையன்று. சர்க்கார் கணக்கின்படி, 1997-98-இல் நம் தேசத்தில் லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கையில் 398 தாய்மார் மாண்டனர். 2018-20-இல் அத்தொகை 97 ஆகக் குறைந்தது. 2005-06-இல் நூற்றுக்கு 39 பிரசவங்களே ஆஸ்பத்திரிகளில் நடந்தன. 2019-21-இல் 89 நடந்தன. இக்குறைவுக்குரிய பெருங்காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆயினும் நாம் மார்தட்டிக்கொள்வதற்கில்லை. அதே 2018-20-இல் லட்சத்துக்குக் கேரளத்தில் 19 தாய்மாரும், அஸ்ஸாமில் 195 தாய்மாரும் மாண்டனர். இதைத் தலைவிதி என்று எப்படிச் சொல்வது? விதி மாகாணம் பார்த்தா வருகிறது?

பிரசவத்துக்குப்பின் உதிரப்போக்கு நிற்காவிடில் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் பிரியக்கூடும். முன்னரே இரத்தசோகை கொண்ட தாய் சிறிது உதிரம் இழந்தாலும் தாங்கமாட்டாள். 2019-21 கணக்கின்படி நம் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை கொண்டவர்களே! ஆஸ்பத்திரி கட்டுவது சர்க்காரின் கடமை. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் கொடுப்பதும், எல்லோரும் உண்டு மிஞ்சியதை அவளுக்கு வைக்காமல் முதல் இலையில் அவளை அமர்த்துவதும் நம் கடமையல்லவா? தாய்நாட்டைப் போற்றும் நாம் வீட்டிலுள்ள தாயை மறக்கலாமா?