சைனிக்புரியில் இரண்டு மாத வீடு

செகந்திராபாத் ரயில் நிலையத்திலிருந்து வடகிழக்காகப் போனால், நெரிசல் கொஞ்சம் தளரும் இடத்தில் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகள் தென்படும். முன்னாள் படைவீரர்களுக்காக உருவான சைனிக்புரி அது. டிஃபென்ஸ் காலனி, வாயுபுரி என்று அக்கம்பக்கத்துப் பெயர்களிலும் ராணுவ வாடைதான். முப்படை அதிகாரிகள் படிக்கும் ராணுவ மேலாண்மைக் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது.

மகளின் பிரசவத்துக்கு வரும் பெற்றோருக்கும், அருகிலுள்ள இ.சி.ஐ.எல். நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வருபவருக்கும் தேவை இரண்டு மாத வீடு. வீட்டுக்காரர்களோ 11 மாத ஒப்பந்தத்துக்குப் பழகியவர்கள். இந்த 11 மாதக் கணக்கின் வேர் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையை அது கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. இரண்டு மாதத்துக்கு ஆள் வைத்து, மறுபடி வெள்ளையடித்து, புரோக்கர் கமிஷனும் கொடுப்பானேன் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை.

ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் வீடு கிடைக்கும்தான். ஆனால் நாள் கணக்கில் போடப்படும் வாடகை, மாதக் கணக்குக்குக் கட்டுப்படியாகாது. என்றாலும் அதே தளத்தில் 28 நாளோ அதற்கு மேலோ தேதி கொடுத்துத் தேடினால், பல வீடுகளுக்கு மாதத் தள்ளுபடி தெரியும். சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளைத் தேடுவோர் மேற்கே, ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த ஹைடெக் சிட்டி, கச்சிபௌலி பக்கம் பார்ப்பதே வழக்கம். ஆனால் சைனிக்புரியில் வேலை உள்ளவர் அங்கே தங்கினால், சாலையில் 25 கிலோமீட்டருக்குக் குறையாத அலைச்சல். மெட்ரோவும் சைனிக்புரிக்கு வரவில்லை.

எனவே இங்கே தேட வேண்டியது அபார்ட்மென்ட் அல்ல, மாடிப் போர்ஷன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கீழ்த்தளத்தில் மட்டும் வசிக்கும் முதியவர்களுக்கு வாடகையைவிடத் துணை முக்கியமாக இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டைப் பெரும்பாலும் தெரிந்தவர் மூலம்தான் பிடிக்க முடியும். அருகிலுள்ள ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் கேட்டில் தொங்கும் 'டு-லெட்' பலகைகளைப் பார்த்தபடி ஒரு மாலை நடந்துவருவதும் வீண்போகாது. அடையாள அட்டை, வேலை செய்யும் இடத்தின் கடிதம் இரண்டையும் கேட்பதற்கு முன்பே நீட்டினால் பேச்சு சுலபமாகும்.

கொடுத்த அட்வான்ஸை எழுத்தில் உறுதிப்படுத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையே உச்சம் என்கிறது. மாநிலம் தனியே சட்டம் இயற்றினால்தான் அது கட்டுப்படுத்தும் என்றாலும், பேரம் பேச உதவும். கோடையில் தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது, மின்மீட்டர் தனியா, காலி செய்யும்போது பெயின்ட்டுக்குப் பிடிப்பார்களா என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் உடன் தங்குவதானால் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு இணையவழியே தெரிவிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.