லாரியில் ஏறிய பிறகு

பொள்ளாச்சிச் சந்தையில் விலைபேசி முடித்த மாடுகளில் பெரும்பகுதி கேரளத்துக்குத்தான் போகிறது. உழைத்து ஓய்ந்தவை, பால் வற்றியவை. ஊர் வழக்கில் அடிமாடுகள். லாரியில் ஏற்றும்போதே அவற்றின் கலக்கம் தொடங்கிவிடும். முன்பின் பழகாத மாடுகளோடு நெருக்கியடித்து நிற்க வேண்டும். வளைவு திரும்பும்போதெல்லாம் கால் வழுக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை மிதிக்கும். விழுந்ததை எழுப்ப வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் இந்தத் தொழிலில் பலமுறை பதிவான கொடுமைகள். கறி தின்பது சரியா தவறா என்று நாம் ஓயாமல் வாதாடுகிறோம். அந்த வாதத்தால் லாரியில் நிற்கும் மாட்டுக்கு ஒரு வாளி தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

இந்த வதையால் வியாபாரிக்கும் நட்டம்தான். மாட்டின் தசையில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேர்ந்திருக்கும். வெட்டிய பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறி, 7-ஐ ஒட்டியிருக்கும் பி.எச். அளவை 5.5 வரை இறக்கும். கறி சீக்கிரம் கெடாமல் இருப்பது அதனால்தான். பசியிலும் பயத்திலும் மணிக்கணக்கில் தவித்த மாட்டுக்கு அந்தச் சேமிப்பு முன்பே கரைந்துபோகிறது. பி.எச். போதிய அளவு இறங்காது. கறி கருத்து, இறுகி, விரைவில் கெட்டுவிடும். அடிபட்டு ரத்தம் கட்டிய சதையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

அமெரிக்க விலங்கு அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், மாடுகள் போகும் பாதையில் தாமே இறங்கி நடந்து, அவற்றின் கண்மட்டத்தில் பார்த்தவர். தொங்கும் சங்கிலி, தேங்கிய நீரின் பளபளப்பு, தரையில் விழும் நிழல் இவற்றைக் கண்டே மாடு மிரண்டு நிற்கிறது என்று காட்டினார். சங்கிலியைக் கழற்றிவிட்டால் தடிக்கு வேலையில்லை.

நம் சட்டத்தில் எழுத்துக்குக் குறைவில்லை. ஒரு சரக்கு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன 1978-ஆம் ஆண்டு விதிகள். ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக் கூடாது, காத்திருக்கும் கொட்டிலில் மாடு ஒன்றுக்கு 2.8 சதுர மீட்டர் இடம் வேண்டும், தண்ணீர் வசதி வேண்டும் என்கின்றன 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள். ஆனால், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வதைத்து ஏற்றிச் சென்றவர் முதல்முறை பிடிபட்டால் கட்டும் அபராதம் 10 முதல் 50 ரூபாய். முதலில் மாற்ற வேண்டியது இந்தத் தொகையை. கூடவே, எல்லைச் சாவடிகளில் மாடுகளை இறக்கி நிறுத்த நிழலும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும்.